காவலுக்கு ஆளா, துணைக்கு ஆளா?

கேள்வி: எனக்கு 57 வயது. கும்பகோணத்தில் இருக்கிறேன். கணவர் தவறி மூன்று வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். என்னோடு இருப்பது மகள்தான். 24 வயது, டவுன் சிண்ட்ரோம் என்று பிறவியிலேயே வந்த அறிவுசார் குறைபாடு. 18 வயது வரை சிறப்புப் பள்ளிக்குப் போனாள். குளிப்பது, சாப்பிடுவது, துணி மடிப்பது எல்லாம் தானே செய்துகொள்வாள். பூ அழகாகக் கட்டுவாள். பேச்சு கொஞ்சம் குழறும், பழகினவர்களுக்குப் புரியும். பள்ளி முடிந்ததிலிருந்து வீடுதான். முன்பெல்லாம் சாயங்காலம் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிடுவாள். இந்த ஒரு வருடமாக அதுவும் இல்லை. டிவி, இல்லாவிட்டால் தூக்கம். கூடப் படித்த ஒரு பெண்ணின் பெயரை மட்டும் ராத்திரி படுக்கும்போது சொல்லும் குழந்தை. சம்பளத்துக்கு ஒரு பெண்ணைப் பேச்சுத்துணைக்கு வைக்கலாமா? என் அண்ணி, "உனக்கு அப்புறம் யார் பார்ப்பா, இப்பவே ஒரு நல்ல ஹோம்ல சேர்த்துடு" என்கிறார். வெளியே அனுப்பவும் பயமாக இருக்கிறது, பெண் குழந்தை. நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

நீங்கள் எழுதியிருந்தது நான்கு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 'குழந்தை' என்ற சொல் 11 இடத்தில் வருகிறது. மகளின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. மறுவாழ்வுத் துறையில் சமூகப் பணியாளராக 23 வருடம் ஆகிறது. எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். தெருவிலும் அவரைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். பாப்பாவைக் கொஞ்சுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், பாவம் என்பார்கள். பாப்பாவோடு சிநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் நான் உங்கள் மகளை 'அவர்' என்றே எழுதப்போகிறேன். முதலில் உங்கள் காதுக்கு ஒட்டாது. பழகிவிடும்.

துணைக்கு ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாசலில் நின்று ஊரையே கூப்பிட்டவர் ஒரு வருடமாக வருவதில்லை என்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அதைத் தனிமை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சாதாரணமாக நடக்கும். சோர்வு, தூக்கம், எதிலும் நாட்டமில்லாமை, எடை கூடுதல் என்று அது மெதுவாக வரும். வீட்டில் இருப்பவர்கள் 'சோம்பல்' என்று விட்டுவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காது மந்தமாவதும், கண்ணில் புரை சீக்கிரம் விழுவதும் இவர்களுக்கு உண்டு. தெருவில் போகிறவர் பதில் சொல்வது கேட்காவிட்டால் யார்தான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்? ராத்திரி குறட்டை பலமாக இருக்கிறதா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் பகல் முழுவதும் தூங்கி வழிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இவையெல்லாம் சிகிச்சை உள்ள விஷயங்கள். தனிமை என்று ஒரு வருடம் கவலைப்பட்டு, கடைசியில் தினம் ஒரு தைராய்டு மாத்திரையில் சரியான வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். அப்பா எங்கே போனார் என்று அவருக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்? 'ஊருக்குப் போயிருக்கார்', 'சாமிகிட்ட போயிருக்கார்' என்று சொல்லி வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அழுவாரே என்ற பயம். ஆனால் ஊருக்குப் போனவர் திரும்பி வர வேண்டும் இல்லையா? இரண்டு வருடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வரவே இல்லை என்று ஒருவர் உள்ளே போயிருக்கலாம். அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'அப்பா இறந்துட்டார், இனிமே வர மாட்டார்' என்று நேராகச் சொல்லுங்கள். திதி அன்று படத்துக்குப் போடும் மாலையை அவரே கட்டட்டும். அழுதால் கூட உட்கார்ந்து நீங்களும் அழுங்கள். துக்கமும் பெரியவர்களுக்கு உரிய உரிமைதான்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆள் வைக்கலாமா? வைக்கலாம். எதற்காக வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பள்ளி முடிகிற நாளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேன் வருவது நிற்கிறது. மிஸ், ஆயா, பக்கத்து பெஞ்சுப் பெண், மதியச் சாப்பாட்டு மணி, ஆண்டுவிழா நடனம் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. வீட்டில் உள்ள மற்ற பிள்ளைகளுக்கு 18 வயதில் உலகம் திறக்கிறது. இவர்களுக்கு அன்றைக்கு மூடுகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கும். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. அதை வாங்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஆனால் 'ஒரு சிநேகிதி தேவை' என்று எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்க முடியாது.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5-வது பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது இவர்களின் உரிமை என்கிறது. அதற்குத் தேவையான உதவியும் ஆதரவுச் சேவைகளும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. 'முயல வேண்டும்' என்றுதான் இருக்கிறது, 'செய்ய வேண்டும்' என்று இல்லை. அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் எத்தனையோ தாய்மார்களின் சாயங்காலங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியிலேயே கடல் பக்கம் வரை போக மரப்பாதை போட்டார்கள். சில நாளிலேயே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். எனக்கு அதில் மிகவும் சந்தோஷம். ஆனால் பாதை போட்டால் மட்டும் போதுமா? 'வா, கடலுக்குப் போகலாம்' என்று கூப்பிட ஒருவர் வேண்டும்.

நம் மொழியில் 'காவல்' வேறு, 'துணை' வேறு. காவலுக்கு இருப்பவர் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வார். துணைக்கு வருபவர் கூட நடப்பார். நீங்கள் கேட்பது பேச்சுத்துணை. உங்கள் மகளுக்குத் தேவை வழித்துணை. வீட்டுக்குள் ஒரு பெண்ணை உட்கார வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? முதல் வாரம் கதை பேசுவார்கள். இரண்டாவது மாதம் இருவரும் சேர்ந்து சீரியல் பார்ப்பார்கள். நீங்கள் சும்மா இருக்கிறாளே என்று காய் நறுக்கச் சொல்வீர்கள், அப்புறம் பாத்திரம். துணைக்கு வந்தவர் வீட்டு வேலைக்காரர் ஆகிவிடுவார், உங்கள் மகள் அவருடைய வேலைகளில் ஒன்றாகிவிடுவார். இதை ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்தாயிற்று.

ஆகவே நாள் முழுவதும் வேண்டாம். வாரத்தில் மூன்று சாயங்காலம், இரண்டரை மணி நேரம் போதும். அந்த நேரத்தில் இருவரும் வீட்டில் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. படிப்பு, பயிற்சி எல்லாம் இரண்டாம் பட்சம். உங்கள் வட்டாரத்துப் பெண்ணாக, 25-லிருந்து 35 வயதுக்குள் இருந்தால் நல்லது. கடைத்தெருவில் நாலு பேரிடம் நின்று பேசுகிற சுபாவம் வேண்டும். அமைதியான, அடக்கமான பெண்ணை நீங்கள் தேடுவீர்கள். நான் வாயாடியைத் தேடச் சொல்வேன். சம்பளம், உங்கள் ஊரில் வீட்டு வேலைக்கு மணிக்கு என்ன கொடுக்கிறார்களோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. லீவு நாளுக்கும் பிடிக்காமல் கொடுங்கள்.

துணைக்கு வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: அரை அடி பின்னால் நிற்க வேண்டும். கடையில் 'இதுக்கு என்ன வேணுமாம்?' என்று துணைக்கு வந்தவரைத்தான் கேட்பார்கள். 'அவங்களையே கேளுங்க' என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். பேச்சு குழறும், கடைக்காரருக்குப் புரியாது, பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், உங்கள் மகள் திரும்பிப் பார்ப்பார். அந்த அரை நிமிடத்தில் குறுக்கே பேசாமல் இருப்பதுதான் இந்த வேலையின் முழுத் திறமையும். ஐம்பது ரூபாய் நோட்டை உங்கள் மகள்தான் நீட்ட வேண்டும், மீதியை அவர்தான் வாங்க வேண்டும். ஏமாந்தால் பத்து ரூபாய் போகும், போகட்டும். டவுன் பஸ்ஸில் போகட்டும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் அடையாள அட்டை உள்ளவருக்கும் கூடப் போகும் உதவியாளருக்கும் கட்டணம் இல்லை. ஒரே பஸ்ஸில் ஒரே நேரத்தில் போனால் மூன்றாவது வாரம் கண்டக்டருக்கு முகம் தெரிந்துவிடும். எனக்கு அந்தக் கண்டக்டர் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

வேறொரு ஊரில் ஒரு பையன். அவருக்கும் டவுன் சிண்ட்ரோம், அப்போது 22 வயது. கிரிக்கெட் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் உள்ளூர்ப் பையன்கள் ஆடுவார்கள். துணைக்குப் போன இளைஞர் அங்கே ஒரு வேலையைக் கண்டுபிடித்தார்: ஸ்கோர் பலகையில் எண் தகடு மாட்டுவது. யாருக்கும் பிடிக்காத வேலை அது, வெயிலில் நிற்க வேண்டும். முதலில் 6-ம் 9-ம் தலைகீழாக மாறிப்போய் ஒரே சண்டை. தகடுக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. நான்கு மாதம் அந்த இளைஞர் கூட நின்றார். அப்புறம் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் உட்கார்ந்தார். அப்புறம் வருவதில்லை, ஆட்டக்காரர் ஒருவரே பைக்கில் வந்து கூட்டிப்போனார். ஒரு ஞாயிறு பையனுக்கு அம்மை போட்டிருந்தது, போகவில்லை. பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் ஐந்து பேர். "என்னாச்சு ஆன்ட்டி, காணோமே? போர்டு அப்படியே கிடக்கு." அந்த அம்மா எனக்குப் போன் செய்து பேச முடியாமல் அழுதார். இருபத்திரண்டு வருடத்தில் தன் மகனைக் காணோம் என்று வெளியாள் ஒருவர் தேடி வந்தது அதுதான் முதல் தடவையாம்.

அதனால்தான் சொல்கிறேன், சிநேகிதியைத் தேடாதீர்கள். வராவிட்டால் 'எங்கே காணோம்?' என்று கேட்கிற ஒரு இடத்தைத் தேடுங்கள். சிநேகம் அங்கேதான் முளைக்கும். துணைக்கு வைக்கிற பெண்ணின் வேலை, அந்த இடம் வரை கொண்டுபோய்விட்டு, மெல்ல மெல்லத் தேவைப்படாமல் போவது. ஆறு மாதம் கழித்து அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கணக்கு, 'வீட்டுக்கு வெளியே எத்தனை பேருக்கு என் மகளின் பெயர் தெரியும்?' என்பதுதான்.

உங்கள் மகளுக்கு எந்த இடம்? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பூ கட்டத் தெரிந்தவர், ஊரோ கும்பகோணம். கோயிலுக்குப் பஞ்சமா, பூக்கடைக்குப் பஞ்சமா? தெருமுனைப் பூக்கார அம்மாவிடம் பேசுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கட்டட்டும். கூலி முதலில் பேச வேண்டாம். ஆனால் மூன்று மாதம் கழித்தும் சும்மா கட்ட வைத்தால் பேசுங்கள், கட்டின முழத்துக்குக் காசு கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோயிலில் உழவாரப் பணிக்கு வருகிற குழுக்களைப் பாருங்கள். வாரம் ஒரு நாள் கூடுவார்கள், கூட்டுவது, கழுவுவது, விளக்குத் தேய்ப்பது என்று பகிர்ந்து செய்வார்கள், கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிடுவார்கள். யாருக்கும் யாரும் 'உபகாரம்' செய்யாத இடம். அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நூலகத்தில் நாளிதழ் அடுக்குவது, அங்கன்வாடியில் பாய் விரிப்பது என்று வேறு ஊர்களில் செய்து பார்த்தவையும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கூட்டங்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் டிசம்பர் 3-ஆம் தேதி, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மேடையேறி மாலை வாங்குவதால் சாயங்காலம் நிரம்புவதில்லை.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க. வேலைக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்களை வீட்டுக்கு வீடு 'நட்பு வருகை'க்கு ஏற்பாடு செய்தேன். முதல் சனிக்கிழமை 40 பேர் வந்தார்கள். கேக், பாட்டு, போட்டோ. இரண்டாம் மாதம் மூன்று பேர். மூன்றாம் மாதம் யாரும் இல்லை, தேர்வு வந்துவிட்டது. ஒரு வீட்டில் அந்தப் பெண் அதற்கப்புறமும் பல மாதம் சனிக்கிழமை தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாராம். வராதவர்களுக்குக் காரணம் இருக்கும், காத்திருப்பவருக்கு அது புரியாது. அதனால் உற்சாகமாக வருகிறவர்களிடம் 'எத்தனை நாள் வருவீர்கள்?' என்று நேராகக் கேளுங்கள். வாரா வாரம் வருகிறேன் என்பவரைவிட, 'மாதம் ஒரு தடவைதான் முடியும், ஆனால் கட்டாயம் வருவேன்' என்பவர் மேல்.

பயத்தைப் பற்றி. உங்கள் பயம் நியாயமானது, அதை நான் சமாதானம் சொல்லிக் குறைக்கப்போவதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் என் முன்னால் வந்த வழக்குகளில் பெரும்பாலும் தப்பு செய்தவர் தெருவில் போன அந்நியர் இல்லை. வீட்டுக்குள் வந்து போனவர்தான். யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் இருப்பவர் கையில் ஒரு காயம் இருந்தால் கேட்க ஆள் இல்லை. பூக்காரம்மாவும் கண்டக்டரும் தினமும் பார்க்கிறவர் ஒரு நாள் முகம் வாடி வந்தால் நாலு பேர் கேட்பார்கள். உடல் உறுப்புகளின் பெயரைக் கூச்சப்படாமல் தமிழில் சொல்லிக்கொடுங்கள். 'வேண்டாம்' சொல்லக் கற்றுக்கொடுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் அவர் வேண்டாம் என்றால் கேளுங்கள். மாமா வந்தால் முத்தம் கொடு என்று தள்ளாதீர்கள். வீட்டிலேயே செல்லாத 'வேண்டாம்' வெளியே எப்படிச் செல்லும்? துணைக்கு வரும் பெண்ணையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். முதல் மாதம் நீங்களும் கூடப் போங்கள், அப்புறம் சொல்லாமல் சில நாள் பூக்கடைப் பக்கம் நடந்து வாருங்கள். அவர் பெயரைச் சொன்னால் மகளின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

உங்கள் அண்ணி மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்டது சரியான கேள்வி, சொன்ன பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இப்போது 60 வயது வரையும் வாழ்கிறார்கள். ஆகவே உங்களுக்குப் பிறகும் அவருக்கு நீண்ட காலம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே விடுதியில் விட்டால், அவருக்கு அப்பா போன கணக்கில் அம்மாவும் போனதாகிவிடும். எங்கே வாழ வேண்டும் என்று இவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் நான் சொன்ன அதே 5-வது பிரிவில் இருக்கிறது. விடுதிதான் ஒரே வழி என்பதும் இல்லை. சென்னை பேனியன் அமைப்பு, மனநோயால் பல வருடம் காப்பகத்திலேயே இருந்துவிட்டவர்களை 2015-லிருந்து சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து, நாலைந்து பேராகச் சேர்ந்து குடியிருக்க வைக்கிறது. உதவிக்கு ஆள் உண்டு. ஆனால் அது வீடு, பால்காரர் வரும், பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் இப்படி ஒரு வீட்டை நான்கைந்து பெற்றோர் சேர்ந்து யோசிக்க முடியும். நான்கைந்து பெற்றோர் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காகித வேலை: 18 வயது தாண்டிவிட்டதால் தாய் என்பதாலேயே நீங்கள் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மகனையும் சேர்த்துப் பேசி முடிவெடுங்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, அதையும் கேளுங்கள்.

கனடாவில் ஜூடித் ஸ்னோ என்று ஒருவர் இருந்தார். தசை பலவீனத்தால் கை கால் அசைக்க முடியாதவர். 1980-ஐ ஒட்டிய காலத்தில் அவர் தகுந்த உதவியில்லாமல் நிலைமை மோசமானபோது, சிநேகிதர்கள் சிலர் ஒரு குழுவாகக் கூடி அவருக்காக அரசோடு மல்லுக்கட்டினார்கள். ஆதரவு வட்டம் என்று பிறகு பல நாடுகளில் பரவியது அப்படி ஆரம்பித்ததுதான். நமக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டாம். ஒரு தாளில் ஐந்து பெயர் எழுதுங்கள். உங்கள் வயதுக்காரர்கள் மட்டுமாக வேண்டாம், இருவராவது மகளின் வயதில் இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிட்டு அடை வார்த்துப் போடுங்கள். அண்ணியையும் கூப்பிடுங்கள். 'எனக்கு அப்புறம்' என்ற பேச்சை ஆறு மாதத்துக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த மாதம் யாரும் வர மாட்டார்கள்.

அந்த ஐந்தில் முதல் பெயர், உங்கள் மகள் ராத்திரி சொல்கிற பெயர். அந்தப் பெண்ணும் எங்கேயோ ஒரு டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். பழைய பள்ளியில் கேட்டால் வீட்டு நம்பர் கிடைக்கும். ஆறு வருடம் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள், அந்த அம்மாவும் யாராவது கூப்பிட மாட்டார்களா என்றுதான் இருப்பார்.

கடைசியாக ஒன்று. நீங்கள் வைக்கிற முதல் பெண் நிலைக்க மாட்டார். கல்யாணம் ஆகும், வேறு வேலை கிடைக்கும். போகிற அன்று மகள் தூங்கும்போது சொல்லாமல் போகவிட வேண்டாம். ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி, சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து, பூ வைத்து அனுப்புங்கள். புதிதாக வருகிறவருக்கு வழியை உங்கள் மகளே காட்டட்டும். அதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும். இப்போதைக்கு ரத்தப் பரிசோதனை, அந்த ஒரு போன், அப்புறம் ஒரு சாயங்காலம் இரண்டு பேருமாகப் பூக்கடை வரை போய்வருவது. இந்த வாரத்துக்கு அது போதும்.